மறு: ஏ.யூ.வி.க்குத் தமிழில் என்ன சொல்?

வணக்கம். ஆர்க்டிக் கடலடியிலுள்ள காக்கெல் எரிமலைத்தொடர் பற்றிய பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 2007-இல் ஓடன் என்ற பனியுடைப்புக் கப்பலில் சென்ற பூமா, ஜாகுவார் இரண்டும் ஏ.யூ.வி., அதாவது வடமின்றித் தாமே ஓடும் ஆளில்லா நீர்மூழ்கிக் கருவிகள். மூன்றாவதான கேம்பரோ கப்பலின் வடத்தில் தொங்கியது. கடல்தரை ஏறத்தாழ 4000 மீட்டர் ஆழத்தில். மூன்றையும் 'ரோபோ' என்றால் மாணவருக்கு வேறுபாடு விளங்காது.

—

சொல் ஆயத்தமாகவே இருக்கிறது: புறநானூறு 27, 'வலவன் ஏவா வான ஊர்தி', ஓட்டுநர் செலுத்தாத வான வண்டி. வானத்தை எடுத்துவிட்டுக் கடலை வையுங்கள்.

—

ஐயா, ட்ரோனுக்கும் இதே பாட்டுத்தான் வந்தது. வலவன் இல்லை, சரி, ஏவல் உண்டே! எவ்வளவு இறங்கு, எந்தக் கோட்டில் போ, மின்கலம் எவ்வளவு குறைந்தால் திரும்பு, எல்லாம் முன்பே எழுதி ஏற்றுகிறார்கள். ஜி.பி.எஸ். நீருக்குள் எட்டாது, துருவத்தருகே காந்த ஊசியும் சுழல் திசைகாட்டியும் தடுமாறும், மிஞ்சுவது ஒலியலை. திறந்த கடலில் கோளாறானால் எடையை உதறிவிட்டு மேலே வந்துவிடலாம். இங்கே மேலே பனி. கப்பலும் பனியோடு நகரும், இறக்கிய இடமும் மூடிக்கொள்ளும். கப்பலருகே பனியை உடைத்து நீர்வெளி திறந்து, ஒலிக்கட்டளையால் அங்கே வரவழைக்க வேண்டும். இத்தனை ஏவலுக்குப் பிறகு 'ஏவா' எப்படி?

—

'ஊர்தி'யே ஐயம். யானை ஊர்ந்தான், தேர் ஊர்ந்தான்: ஒருவன் ஏறிச் செலுத்துவதே ஊர்தல். இதில் ஏற ஆளில்லை. 'மூழ்கி' போதும்: வட மூழ்கி, வடமிலா மூழ்கி.

—

'வட மூழ்கி' என்றால் வடக்கே மூழ்குவது என்றுதான் படிப்பார்கள், அதுவும் ஆர்க்டிக் பாடத்தில்! பாம்பும் ஊர்கிறது, அதன்மேல் யார் ஏறினார்? தவிர, வடத்தை வைத்துப் பிரித்தால் பனிக்கடியில் ஓடும் நெரீட் அண்டர் ஐஸ் என்ற கருவி எங்கே சேரும்? மெல்லிய ஒளியிழை வழியே கப்பலிலிருந்து ஓட்டுகிறார்கள். இழை அறுந்தால் தானே திரும்பும்படி அமைத்திருக்கிறார்கள். அறுமுன் ஆர்.ஓ.வி. (தொலைவிலிருந்து ஆள் ஓட்டுவது), அறுந்தபின் ஏ.யூ.வி. பிரிக்க வேண்டியது யார் முடிவெடுக்கிறார் என்பதை வைத்து: தன்னியக்க, தொலையியக்க.

—

அப்படியானால் தன்னியக்க நீரடி ஊர்தி, தொலையியக்க நீரடி ஊர்தி. கேம்பருக்கு 'இழுவைக் கருவி'. நால்வர் சரி என்றுவிட்டார்கள், இதையே அனுப்புகிறேன். குறிப்பில் 'எரிமலைத்தொடர்' என்பதைக் 'காக்கெல் முகடு' என்று மாற்றட்டுமா?

—

'நீரடி'க்கு என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். அது நீரின் அடித்தரை, ஜாகுவாருக்குச் சரி. பூமா தரைக்கு மேலே கடலடி வெந்நீர் ஊற்றுகளின் புகையைத் தேடித் திரிந்தது. முகடும் வேண்டாம் அம்மா. முகடென்றால் கூரையுச்சி, காக்கெலின் நடு அச்சிலோ ஆழமான பிளவுப் பள்ளத்தாக்கு.