மொழி போன பின்னும் பழக்கவழக்கம் தங்குமா?

கேள்வி (வியாசர்பாடியிலிருந்து):
1962இல் பர்மாவில் இராணுவ ஆட்சி ஏற்பட்டு, அடுத்த சில ஆண்டுகளில் கடைகளும் வணிக நிறுவனங்களும் அரசுடைமையானபோது, ரங்கூனில் கப்பலேறிச் சென்னைக்கு வந்த குடும்பங்களுள் எங்களுடையதும் ஒன்று. பாட்டி பர்மிய மொழியைச் சரளமாகப் பேசுவார். அம்மாவுக்குக் கேட்டால் புரியும். எனக்கு எதுவும் தெரியாது. ஆனால் அத்தோ, மொய்ங்கா என்னும் பர்மிய நூடுல்ஸ் உணவுகள் பாட்டியின் பக்குவத்திலேயே இன்றும் எங்கள் வீட்டில் தயாராகின்றன. கடல் கடந்து சென்ற தமிழர்களிடமும் மொழிதான் முதலில் மறைகிறதா? அது நாட்டுக்கு நாடு வேறுபடுவது ஏன்?

மறுமொழி 1 (மண்ணடி):
மொரீசியஸில் உங்கள் வீட்டுக் கதையேதான் நடந்திருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழர்களின் வழித்தோன்றல்களில் மிகப் பெரும்பாலோர் இன்று வீட்டில் பேசுவது பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் என்னும் கலப்புமொழி. ஆயினும் அங்கே தைப்பூசக் காவடிக்கு அரசு விடுமுறை உண்டு. ரூபாய்த் தாளிலும் தமிழ் எழுத்து இருக்கிறது. மலேசியாவிலோ காவடியோடு பேச்சும் நிலைத்தது. தொழிலாளர் குடியேற்றத்தை இந்திய அரசு 1938இல் தடைசெய்யும்வரை தமிழகத்திலிருந்து புதிய ஆட்கள் மலாயாவுக்குப் போய்க்கொண்டே இருந்ததும், தோட்டந்தோறும் தோன்றிய பள்ளிகள் வளர்ந்து இன்றும் ஐந்நூறுக்கு மேற்பட்ட தமிழ்வழித் தொடக்கப்பள்ளிகளாக நிற்பதும் இதற்குக் காரணங்கள். பள்ளியையே நான் முதன்மையாகக் கருதுகிறேன்.

மறுமொழி 2 (இராயபுரம், சிங்கப்பூரில் பணியாற்றியவர்):
பள்ளியில் தமிழ் ஒரு பாடமாக இருந்தால் மட்டும் போதாது என்பதற்குச் சிங்கப்பூரே சான்று. அங்கு நான்கு ஆட்சிமொழிகளுள் தமிழும் ஒன்று. வானொலியும் நாளிதழும் உண்டு. இருந்தும் பிற பாடங்களெல்லாம் ஆங்கிலத்தில் நடப்பதால், பிள்ளைகள் தங்களுக்குள் ஆங்கிலத்திலேயே பேசிக்கொள்கிறார்கள். வீட்டில் தமிழையே மிகுதியாகப் பேசும் சிங்கப்பூர்வாசிகள் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5 விழுக்காடு. அரசு இவ்வளவு துணைநின்றும் இந்தச் சரிவு நேர்ந்திருப்பது எனக்கு மிகுந்த கவலை தருகிறது.

மறுமொழி 3 (தண்டையார்பேட்டை):
இலங்கையை இந்த வரிசையில் வைக்கக் கூடாது. வடக்கிலும் கிழக்கிலும் வாழும் தமிழர்கள் குடியேறிகள் அல்லர், அம்மண்ணின் மக்கள். ஆனாலும் உங்கள் கேள்விக்கு அங்கிருந்து ஒரு விடை கிடைக்கிறது. 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் வந்தது. 1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தத்தின் வழியாகத்தான் தமிழும் ஆட்சிமொழியாயிற்று. இடைப்பட்ட காலத்தில் அரசு கைவிட்டபோதும் தமிழ் தளரவில்லை. ஊர் ஊராகச் சேர்ந்து வாழ்ந்த மக்களுக்குச் சந்தையும் கோயிலும் பள்ளிக்கூடமும் தமிழிலேயே இயங்கின. ஆகவே சட்டத்தைவிட, அன்றாடம் அம்மொழியில் பேச அக்கம்பக்கத்தில் ஆள் இருப்பதே முக்கியம். வியாசர்பாடியில் பர்மியத்துக்கு அந்தத் தேவை எழவில்லை. திரும்பி வந்தவர்கள் தமிழர்களாதலால் அவர்களுக்குள்ளும் தமிழே போதுமானதாக இருந்தது. அத்தோவின் நிலை வேறு: கடற்கரை இரயில் நிலையத்துக்கு அருகே தள்ளுவண்டியில் அதை விற்றுப் பிழைத்தார்கள், பர்மாவைப் பார்த்தேயிராத சென்னைவாசிகளும் அதை வாங்கிச் சாப்பிடத் தொடங்கினார்கள்.