மோல் கணக்கில் எங்கே தவறுகிறேன்?

கேள்வி: கானாடுகாத்தான் மாணவி

அனைவருக்கும் வணக்கம். நான் கானாடுகாத்தானிலிருந்து காரைக்குடிக்குப் பேருந்தில் சென்று பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். வேதியியலில் விளக்க வினாக்கள் எனக்குச் சிரமமாக இல்லை. ஆனால் கணக்கு என்று வந்துவிட்டால் வழி தெரிந்ததுபோலவே தோன்றி, கடைசியில் விடை மட்டும் தவறிவிடுகிறது. சென்ற வாரத் தேர்வில் பின்வரும் இரண்டு கணக்குகளிலும் மதிப்பெண் இழந்தேன்.

முதலாவது: 80 சதவீதத் தூய்மையுள்ள 25 கிராம் சுண்ணாம்புக்கல்லை முழுவதும் சிதையும்வரை சூடுபடுத்தினால் எத்தனை கிராம் சுட்ட சுண்ணாம்பும் (கால்சியம் ஆக்சைடு), 0 டிகிரி செல்சியஸ், 1 வளிமண்டல அழுத்தத்தில் எத்தனை லிட்டர் கார்பன் டைஆக்சைடும் கிடைக்கும்? நான் 14 கிராம், 5.6 லிட்டர் என்று எழுதினேன்.

இரண்டாவது: 20 கிராம் தூய கால்சியம் கார்பனேட்டுடன், 10.95 கிராம் ஹைட்ரஜன் குளோரைடு கரைந்துள்ள அமிலத்தைச் சேர்த்தால் எத்தனை கிராம் கார்பன் டைஆக்சைடு வெளியேறும்? கார்பனேட்டு 0.2 மோல், அமிலம் 0.3 மோல் என்று சரியாகவே கண்டுபிடித்தேன். குறைவாக இருப்பது கார்பனேட்டு என்பதால் அதுதான் வினைக்கட்டுப்பாட்டுக் காரணி, அதாவது முதலில் தீர்ந்து வினையை நிறுத்தும் பொருள், என்று கொண்டு 8.8 கிராம் என்று விடை எழுதினேன். அது தவறு என்று சிவப்பு மையில் சுழித்துவிட்டார்கள். 0.3 என்பது 0.2-ஐ விடப் பெரியதுதானே? எங்கே பிழை செய்தேன் என்று யாராவது விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: தேவகோட்டை, ஓய்வுபெற்ற ஆசிரியர்

அம்மா, உன் கேள்வியில் மகிழ்ச்சி தரும் செய்தி ஒன்று இருக்கிறது. நிறையை மோலாக மாற்றுவதில் நீ தவறவே இல்லை. பெரும்பாலான பிள்ளைகள் அந்த முதல் படியிலேயே இடறுவார்கள். நீ அதைத் தாண்டிவிட்டாய்.

முதல் கணக்கைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். 25 கிராம் கல்லில் 80 சதவீதம், அதாவது 20 கிராம் மட்டுமே கால்சியம் கார்பனேட்டு. மிச்சமுள்ள 5 கிராம் மண்ணும் மணலும். கால்சியம் 40, கார்பன் 12, மூன்று ஆக்சிஜனுக்கு 48, ஆகக் கார்பனேட்டின் மோலார் நிறை, அதாவது ஒரு மோலின் நிறை, 100 கிராம் என்பதால் 20 கிராம் என்பது 0.2 மோல். ஒரு மோல் கார்பனேட்டு ஒரு மோல் சுட்ட சுண்ணாம்பையும் ஒரு மோல் கார்பன் டைஆக்சைடையும் தருகிறது. ஆகவே சுட்ட சுண்ணாம்பு 0.2 × 56 = 11.2 கிராம், அந்த நிலையில் ஒரு மோல் வாயுவின் பருமன் 22.4 லிட்டர் என்பதால் வாயு 0.2 × 22.4 = 4.48 லிட்டர். நீ கணக்கை அறியாமல் தவறவில்லை, கேள்வியின் முதல் சொற்களைப் படிக்காமல் தவறினாய். தூய்மைச் சதவீதம் கொடுத்திருந்தால், வேறு எதையும் செய்வதற்கு முன் அதை நீக்கிவிட்டுத்தான் பேனாவை நகர்த்த வேண்டும்.

இரண்டாவது கணக்கில்தான் பேசுவதற்கு விஷயம் இருக்கிறது. வெற்றிலைக்காரரிடம் ஒரு கவுளி கேட்டால் நூறு வெற்றிலை எண்ணித் தருவார். கொழுந்து வெற்றிலையாக இருந்தால் அந்தக் கவுளி எடை குறைவாகவும், முற்றிய பெரிய இலையாக இருந்தால் எடை கூடுதலாகவும் இருக்கும். எண்ணிக்கை மட்டும் மாறாது. மோலும் அப்படிப்பட்ட ஓர் எண்ணிக்கைப் பெயர்தான். அதன் எண் 6.022 × 10²³ என்பது மட்டுமே வேறுபாடு. 2019-ஆம் ஆண்டு மே 20 முதல் மோலின் வரையறையே 12 கிராம் கார்பனை நம்பி நிற்காமல் இந்த எண்ணை நேரடியாக நிலைநிறுத்தியே அமைந்திருக்கிறது. ஆகவே மோலைக் கண்டவுடன் எடை என்று நினைக்காமல் தலைகளின் எண்ணிக்கை என்று நினைத்துப் பழக வேண்டும்.

இப்போது உன் ஊர்த் தெருவில் நிற்கும் ஒரு பெரிய வீட்டை நினைத்துக்கொள். ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு நிலையும் இரண்டு கதவுகளும் வேண்டும். தச்சரிடம் 20 நிலைகளும் 30 கதவுகளும் தயாராக இருக்கின்றன. எத்தனை வாசல்களை முடிக்கலாம்? 30 என்பது 20-ஐ விடப் பெரியது, எனவே நிலைதான் தட்டுப்பாடு என்று எந்தத் தச்சரும் சொல்ல மாட்டார். ஒரு வாசலுக்கு இரண்டு கதவு என்பதால் 15 வாசல்களிலேயே கதவுகள் தீர்ந்து, 5 நிலைகள் சுவரில் சாய்ந்து கிடக்கும். உன் கணக்கில் கார்பனேட்டுதான் நிலை, அமிலம்தான் கதவு. CaCO₃ + 2HCl → CaCl₂ + H₂O + CO₂ என்ற சமன்பாட்டில் ஹைட்ரஜன் குளோரைடுக்கு (HCl) முன்னால் நிற்கும் 2 என்ற எண் சொல்வது அதைத்தான். 0.2 மோல் கார்பனேட்டுக்கு 0.4 மோல் அமிலம் தேவை. உன்னிடம் இருப்பது 0.3 மட்டுமே. அமிலம் முதலில் தீர்கிறது. அதில் பாதியளவு, அதாவது 0.15 மோல் கார்பன் டைஆக்சைடு வெளியேறும், 0.15 × 44 = 6.6 கிராம்.

விடையை எழுதியபின் ஒரு நிமிடம் செலவழித்து நிறையைக் கூட்டிப் பார். தொடக்கத்தில் 20 + 10.95 = 30.95 கிராம். இறுதியில் கால்சியம் குளோரைடு 16.65, நீர் 2.7, வாயு 6.6, வினைபுரியாமல் எஞ்சிய கார்பனேட்டு 5. கூட்டினால் அதே 30.95. நாற்பது வயதுக்கு மேலும் கரும்பலகையில் கணக்கிட்டுக் கூச்சமின்றி இப்படிச் சரிபார்த்தவன் நான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பதில்: காரைக்குடி, முதுகலை வேதியியல் மாணவர்

ஐயா விளக்கியதற்கு மேல் கருத்தாகச் சேர்க்க அதிகம் இல்லை. தேர்வு அறையில் விரைவாகச் செய்ய ஒரு வழியை மட்டும் தங்கைக்குச் சொல்கிறேன். ஒவ்வொரு வினைப்பொருளின் மோலையும் சமன்பாட்டில் அதற்கு முன்னால் உள்ள எண்ணால் வகுத்துவிட்டு, வந்த ஈவுகளை மட்டும் ஒப்பிட வேண்டும். கார்பனேட்டுக்கு 0.2 ÷ 1 = 0.2, அமிலத்துக்கு 0.3 ÷ 2 = 0.15. எது சிறியதோ அதுவே வினைக்கட்டுப்பாட்டுக் காரணி. மூன்று வினைப்பொருள்கள் வந்தாலும் இந்த வழி தடுமாறாது.

மேலும் ஓர் எச்சரிக்கை. 22.4 லிட்டர் என்பது 0 டிகிரி செல்சியஸும் 1 வளிமண்டல அழுத்தமும் கொண்ட நிலைக்கு உரியது. அழுத்தம் 1 பார் என்று கேள்வியில் இருந்தால் ஒரு மோல் வாயுவின் பருமன் ஏறத்தாழ 22.7 லிட்டர். அறை வெப்பநிலை என்று கொடுத்திருந்தால் இரண்டுமே பொருந்தாது. திரவத்துக்கும் திண்மத்துக்கும் 22.4-ஐப் போட்டு வைத்த விடைத்தாள்களை நான் பார்த்திருக்கிறேன். தண்ணீரின் ஒரு மோல் 18 கிராம், ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும்.

இந்தக் கணக்குகள் பள்ளியோடு முடிந்துவிடுவதில்லை என்பதற்கு நம் ஊரே சாட்சி. 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தை நாம் எல்லோரும் சிக்ரி என்று அழைத்துக்கொண்டு பேருந்தில் கடந்து போகிறோம். மின்முலாம் பூசுவதும் மோல் கணக்குதான். அங்கே எண்ணப்படுவது எலக்ட்ரான். ஒரு மோல் எலக்ட்ரானின் மின்னூட்டம் ஏறத்தாழ 96,500 கூலூம். 1 ஆம்பியர் மின்னோட்டத்தை 965 விநாடி செலுத்தினால் 0.01 மோல் எலக்ட்ரான் கடக்கிறது. தாமிர அயனி ஒன்றுக்கு இரண்டு எலக்ட்ரான் வேண்டும் என்பதால் 0.005 மோல், அதாவது சுமார் 0.32 கிராம் தாமிரம் படியும். இங்கேயும் ஒரு நிலைக்கு இரண்டு கதவு!

பதில்: தேவகோட்டை, ஓய்வுபெற்ற ஆசிரியர்

தம்பி சொன்ன வழி சரியானது, மறுக்கவில்லை. ஆனால் அந்த ஈவு 0.15 எதைக் குறிக்கிறது என்று கேட்டால் விழிக்கும் மாணவர்களை நான் ஆண்டுதோறும் கண்டதால், தேவை எவ்வளவு, கையிருப்பு எவ்வளவு என்று ஒரு பத்துக் கணக்காவது நீண்ட வழியில் செய்துவிட்டுக் குறுக்கு வழிக்குப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன். அந்த ஈவுதான் முடிக்கக்கூடிய வாசல்களின் எண்ணிக்கை.

கேள்வி: கானாடுகாத்தான் மாணவி

ஐயாவுக்கும் அண்ணனுக்கும் மிக்க நன்றி. நிலை, கதவு என்று சொன்னதும் புரிந்துவிட்டது. எங்கள் ஆயா வீட்டு முகப்பைப் பார்த்தபோது சிரிப்பும் வந்துவிட்டது. நானாகவே ஒரு கணக்கைச் செய்து பார்த்தேன். 28 கிராம் சுட்ட சுண்ணாம்பில் 18 கிராம் தண்ணீர் ஊற்றினால் என்ன கிடைக்கும்? சுட்ட சுண்ணாம்பு 0.5 மோல், தண்ணீர் 1 மோல். ஒன்றுக்கு ஒன்று என்பதால் சுண்ணாம்புதான் முதலில் தீரும். நீற்றுச் சுண்ணாம்பு (கால்சியம் ஹைட்ராக்சைடு) 0.5 × 74 = 37 கிராம், எஞ்சும் தண்ணீர் 9 கிராம். கூட்டினால் 46, தொடக்கத்திலும் 46. சரிதானே? ஆனால் ஓர் ஐயம். வீட்டைப் புதுப்பித்தபோது வேலை செய்தவர்கள் இந்தக் கணக்குக்கு எவ்வளவோ மேலாகத் தண்ணீர் ஊற்றினார்களே, அது வீண்தானா?

பதில்: ஆத்தங்குடி, கட்டட வேலைக் குடும்பம்

விடை சரிதான், தங்கச்சி. தண்ணீரைப் பற்றிய ஐயத்துக்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் என் அப்பா சுண்ணாம்புப் பூச்சு வேலை செய்தவர்.

கணக்குப்படி 56 கிலோ சுட்ட சுண்ணாம்புக்கு 18 கிலோ தண்ணீர் போதும். ஆனால் நீற்றும்போது வெளிப்படும் வெப்பத்தில் தொட்டித் தண்ணீர் கொதித்து, ஒரு பங்கு ஆவியாகவே போய்விடும். 18 கிலோ மட்டும் ஊற்றினால் நடுவில் நீறாத கட்டிகள் தங்கிவிடும்; அவை பூச்சுக்குள் போனால் பின்னாளில் ஈரத்தை இழுத்துப் பருத்து, சுவரில் கொப்புளம் கொப்புளமாகத் தெறிக்கும். ஆகவே தண்ணீரை வேண்டுமென்றே மிகுதியான வினைப்பொருளாக வைத்து, சுண்ணாம்பு ஒரு துளியும் எஞ்சாமல் பார்த்துக்கொள்கிறார்கள். எஞ்சும் தண்ணீர் வீண் அல்ல. அரைத்துப் பூசும் பதத்துக்கு அதுவும் தேவை. கல்லின் தரம் சூளைக்குச் சூளை மாறும் என்பதால், அப்பா தூய்மைச் சதவீதத்தை எண்ணால் அறியாமல், நீறியபின் சல்லடையில் தங்கும் கற்களின் அளவைப் பார்த்தே அறிந்துகொள்வார்.

உனக்கு இன்னொரு கணக்கும் தருகிறேன். பூசிய சுவர் இறுகுவது வெறுமனே காய்வதால் அல்ல. நீற்றுச் சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடை மெல்ல உள்வாங்கித் தண்ணீரை வெளியேற்றி, மறுபடியும் கால்சியம் கார்பனேட்டாகிறது. 74 கிராம் சுண்ணாம்பு 44 கிராம் வாயுவை வாங்கி 18 கிராம் தண்ணீரை விடுவதால் 100 கிராமாகிறது. அப்படியானால் 37 கிலோ நீற்றுச் சுண்ணாம்பு கொண்ட பூச்சு முழுவதும் கார்பனேட்டாக மாறும்போது, சுவர் எத்தனை கிலோ கனம் கூடியிருக்கும், 0 டிகிரி செல்சியஸ், 1 வளிமண்டல அழுத்தத்தில் அளந்தால் எத்தனை லிட்டர் வாயுவைக் குடித்திருக்கும்? கிலோ கிராமை கிராமாக மாற்ற மறந்துவிடாதே.

பதில்: கானாடுகாத்தான் மாணவி

37,000 ÷ 74 = 500 மோல். வாயு 500 × 22.4 = 11,200 லிட்டர். கூடிய கனம் 500 × 26 = 13,000 கிராம், அதாவது 13 கிலோ. முதலில் 22 கிலோ என்று எழுதிவிட்டேன். வெளியேறும் 9 கிலோ தண்ணீரைக் கழிக்க மறந்ததைச் சரிபார்க்கும்போதுதான் கண்டேன்.