பீஸ் ரேட்டுக்குக் கிராஜுவிட்டி வாங்கிய கதை

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் 11 வருஷம் பீஸ் ரேட்டில், அதாவது தைத்த உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலியில், பவர் டேபிள் தையல் மெஷின் ஓட்டினேன். 2018-இல் முதுகுவலி தாங்காமல் நின்றபோது கிராஜுவிட்டி, அதாவது வேலையை விட்டு நிற்கும்போது கம்பெனி தரும் பணிக்கொடை, கேட்டேன். "பீஸ் ரேட்டுக்கு அதெல்லாம் கிடையாதுங்க அம்மணி" என்றார் மேனேஜர். நானும் நம்பி வந்துவிட்டேன். அப்புறம் எங்கள் வீதியில் இருக்கும் சங்கக்கார அண்ணன்தான் சொன்னார்: 5 வருஷம் தொடர்ந்து பார்த்திருந்தால் பீஸ் ரேட்டுக்கும் உண்டு. கடைசி மூன்று மாதச் சம்பளத்தின் சராசரியில் ஒரு நாள் கூலி எடுத்து, வருஷத்துக்கு 15 நாள் வீதம் போடுவார்கள். ஓவர்டைம் காசு சேராது.

கம்பெனிக்கு எழுதிப் போட்டேன், பதில் இல்லை. தொழிலாளர் துறையில் மனு கொடுத்தேன். விசாரணையில் கம்பெனி வக்கீல், "இவர் கான்ட்ராக்டர் ஆள்" என்று ஒரே போடாகப் போட்டார். கை நடுங்கிவிட்டது. பையிலிருந்த பி.எஃப். சீட்டை நீட்டினேன். அதில் இருந்தது கம்பெனியின் கோடு நம்பர், கான்ட்ராக்டருடையது இல்லை. வக்கீல் ஃபைலைப் புரட்ட ஆரம்பித்தார்.

சரி, சம்பளத்துக்கு அத்தாட்சி? சனிக்கிழமைக் கவர்கள்தான். பென்சிலில் டஜன் கணக்கும் தொகையும் எழுதிய காக்கிக் கவர்கள், பிஸ்கட் டின்னில் ஊசி நூலோடு கிடந்தவை. கடைசி 13 வாரத்தையும் மேஜையில் அடுக்கினேன். நாளுக்கு 420 ரூபாய் வந்தது. 11 வருஷத்துக்கு 69,300. தாமதத்துக்கு வட்டியும் சேர்த்துக் கொடுக்க உத்தரவு. காசு கைக்கு வர ஒன்றேகால் வருஷம். அந்த அலைச்சலைச் சொல்ல ஆரம்பித்தால் விடிந்துவிடும்.

*

நான் எதிர்ப்பக்கம், முதலாளி. 20 மெஷின் வைத்து, பெரிய கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் செய்கிறேன். 2019-இல் துணியை வீணாக்கிவிட்டார் என்று கட்டிங் மாஸ்டரை "நாளையிலிருந்து வராதே" என்றேன். ஒரு மாதத்தில் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடமிருந்து நோட்டீஸ். போய் என் நஷ்டத்தையெல்லாம் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மெமோ கொடுத்தீங்களா? விளக்கம் கேட்டீங்களா? என்கொயரி வெச்சீங்களா?" என்றார். மூன்றும் இல்லை. துணி வீணானது நிஜம், இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் காகிதத்தில் ஒன்றுமில்லையே. மூன்றாவது அமர்வில் அவர் முன்னிலையில் 12(3) என்ற சமரச ஒப்பந்தம் போட்டு மாஸ்டரைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். முதல் வாரம் இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

*

அக்கா, நான் நின்று எட்டு மாதம் ஆச்சு. இனி கிராஜுவிட்டி கேட்கலாமா?

*

கேளுங்க தம்பி. 30 நாளுக்குள் எழுதிக் கேட்கணும் என்பது விதி. ஆனால் தாமதம் என்பதற்காக மட்டும் தள்ள முடியாது. நான் கேட்டதே நாலு மாதம் கழித்துத்தான். கவர் இருக்கா? முதலில் அதைத் தேடுங்க.