மறு: லைவ் ஸ்டீம் – ஒரு சொல் போதாது, இரண்டு வேண்டும்

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

‘லைவ் ஸ்டீம்’ (live steam) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் தேடும் இந்த இழையில் இதுவரை உயிர்நீராவி, கனல் ரயில், கரிவண்டி என்று மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன. குன்னூரில் வீட்டுக்குப் பின்புறம் 45 மி.மீ. அகலத் தண்டவாளம் போட்டுச் சின்ன நீராவி இஞ்சின்கள் ஓட்டுகிறவன் நான். இந்தச் சொல் எனக்குத் தினமும் தேவைப்படுகிறது, அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஆங்கிலம் ஒரே பெயரில் இரண்டு பொருளை வைத்திருக்கிறது. மோட்டார் இல்லாமல் நீராவியாலேயே ஓடும் மாடல் இஞ்சின் ஒன்று, கொதிகலனிலிருந்து நேராக வரும் நீராவி இன்னொன்று. அதே நெருக்கடியை நாமும் ஏன் இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும்?

> ‘லைவ்’ என்றால் உயிர். உயிர்நீராவி என்று வைத்துவிட்டால் எளிது.

எளிதுதான் ஐயா, ஆனால் ‘உயிரி’ என்ற முன்னொட்டை உயிரியல் துறை எடுத்துக்கொண்டு வெகுநாளாகிவிட்டது. உயிரி எரிபொருள், உயிரித் தொழில்நுட்பம் என்று படித்து வளர்ந்த மாணவருக்கு உயிர்நீராவி என்றால் சாண எரிவாயுவின் உறவுக்காரன் போலத்தான் தோன்றும். இன்னொரு சிக்கலும் உண்டு. தமிழில் ஆவி என்றாலே உயிர். உடல், பொருள், ஆவி என்று நாம் சொல்வதில் அது ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. அதன் முன்னால் இன்னொரு உயிரை வைப்பது வீண்.

> நெருப்பும் கரியும்தானே இதன் அடையாளம்? கரிவண்டி அல்லது கனல் ரயில் என்றால் எல்லோருக்கும் புரியும்.

கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் எங்கள் மலை ரயிலே இந்தப் பெயரைத் தாண்டிப் போய்விட்டது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் எக்ஸ் வகை இஞ்சின்களில் சிலவற்றைக் கரியிலிருந்து எண்ணெய்க்கு மாற்றினார்கள். பொன்மலைப் பணிமனை புதிதாகச் செய்து தந்தவற்றிலும் எண்ணெய் எரியும் இஞ்சின்கள் உண்டு. அவற்றைக் கரிவண்டி என்று எப்படிச் சொல்வது? மாடல்களில் இது இன்னும் விரிந்த கதை. சில இஞ்சின்கள் கரியில் ஓடும், சில ஸ்பிரிட் திரியில் ஓடும், என்னிடம் இருப்பவை போல மிகப் பல பியூட்டேன் வாயுவில் ஓடும்.

கனல் என்பதும் நிற்காது. 2003இல் ஹார்ன்பி என்ற மாடல் ரயில் நிறுவனம் 16.5 மி.மீ. தண்டவாளத்துக்கு, மல்லார்ட் என்ற பிரிட்டிஷ் நீராவி இஞ்சினின் மாடலைக் கொண்டுவந்தது. அதில் நெருப்பே கிடையாது. டெண்டருக்குள், அதாவது இஞ்சினுக்குப் பின்னால் கோத்திருக்கும் கரி, தண்ணீர் வண்டிக்குள், ஒரு குட்டிக் கொதிகலன். தண்டவாளம் வழியாக வரும் மின்சாரம் நீரைச் சூடாக்கும். அந்த நீராவி குழாய் வழியே முன்னால் போய் பிஸ்டனைத் தள்ளும். தீ இல்லை, ஆனால் சந்தேகமே இல்லாமல் இது லைவ் ஸ்டீம்தான். மறுபக்கம், புகைபோக்கியில் கமகமவென்று புகை விடும் மின்சார மாடல்கள் எத்தனையோ உண்டு. உள்ளே ஒரு சூடேற்றி எண்ணெயைப் புகையாக்குகிறது, சக்கரத்தைச் சுழற்றுவது மோட்டார். அவை லைவ் ஸ்டீம் ஆகா.

ஆக, எது எரிகிறது, என்ன வெளியே வருகிறது என்பதெல்லாம் இரண்டாம் பட்சம். சக்கரத்தைத் தள்ளுவது எது என்பதுதான் கேள்வி. நீராவி உருளைக்குள் (சிலிண்டர்) விரிந்து பிஸ்டனைத் தள்ளி, அந்தத் தள்ளலில் வண்டி நகர்ந்தால் அது நம் சொல்லுக்குள் வரும்.

இதற்கு நான் முன்மொழிவது மெய்நீராவி. மெய்நீராவி மாடல், மெய்நீராவி இஞ்சின், மெய்நீராவி ஓட்டம் என்று எப்படியும் சேர்த்து எழுதலாம், புணர்ச்சித் தொல்லை இல்லை. மெய் என்றால் உடம்பு என்றும் பொருள் வருமே என்று தயங்க வேண்டாம். ‘மெய்நிகர்’ (virtual) ஊன்றிவிட்ட பிறகு, போலிக்கு எதிர்ப்பக்கம் நிற்கும் சொல் மெய் என்று எல்லோருக்கும் பழகிவிட்டது. குன்னூர் ஷெட்டில் நிற்கும் பெரிய இஞ்சினுக்கு இந்த அடைமொழி தேவையில்லை என்பதையும் கவனியுங்கள். பிராய்லர் வந்த பிறகுதான் கோழி நாட்டுக்கோழி ஆயிற்று. மோட்டார் மாடல்கள் பெருகிய இடத்தில்தான் நீராவிக்கு ‘மெய்’ வேண்டியிருக்கிறது.

மெய் என்று அழுத்திச் சொல்வதற்கு இந்த மலையில் எனக்கு வேறொரு காரணமும் இருக்கிறது. மோட்டார் மாடலுக்கு மேட்டுப்பாளையமும் ஊட்டியும் ஒன்றுதான். மெய்நீராவி இஞ்சினுக்கு அப்படியில்லை. போன வாரம் ஒரு நண்பர், ஊட்டியில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுமே, அப்படியானால் அங்கே இஞ்சின் இன்னும் சுலபமாக ஓடுமா என்று கேட்டிருந்தார். நல்ல கேள்வி. திறந்த பாத்திரத்துக்கு அந்த 93 பொருந்தும். கொதிகலனை மூடி, அழுத்தமானியில் 40 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டு) ஏற்றிவிட்டால் உள்ளே வெப்பம் 139 டிகிரி அளவுக்குப் போய்விடும். கடற்கரையில் அதே 40க்கு 141 வாக்கில் இருக்கும். மானி காட்டுவது வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் எவ்வளவு என்பதை மட்டும்தான். அதனால் இழுவையில் பெரிய வேறுபாடு தெரியாது.

வேறுபாடு தெரிவது வாயுவில். சாதாரண பியூட்டேன் கொதிக்கும் நிலை மைனஸ் 0.5 டிகிரி. மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழும் காலையில் தொட்டியிலிருந்து அது வெளியே வரவே யோசிக்கும். பற்றவைத்தால் சுடர் சோம்பிப்போய்க் கிடக்கும். அதோடு, எரியும்போது வாயு ஆவியாகிக்கொண்டே தொட்டியை மேலும் குளிரவைக்கும். மைனஸ் 12 வாக்கில் கொதிக்கும் ஐசோபியூட்டேன் கலந்த குப்பி என்றால் இந்தத் தொல்லை குறைவு. இல்லாவிட்டால், தொட்டியைச் சுற்றி வெதுவெதுப்பான தண்ணீர் நிற்கும்படி வைப்பதுதான் வழி. நெருப்பைப் பக்கத்தில் கொண்டுபோகவே கூடாது, புதியவர்கள் யாராவது படித்தால் இதை மனதில் வையுங்கள். காற்றும் இங்கே மெலிந்திருப்பதால், சமவெளியில் சரியாக எரிந்த பர்னரின் காற்றுத் துளையைத் திரும்பச் சரிசெய்ய வேண்டிவரலாம். இப்படி ஊரும் பருவமும் உள்ளே புகுந்து வேலை செய்கிற பொருளை ‘மெய்’ என்று சொல்வதுதான் நியாயம்.

சரி, இரண்டாவது பொருளுக்கு வருகிறேன். ஆலைகளிலும் பணிமனைகளிலும் லைவ் ஸ்டீம் என்றால், கொதிகலனிலிருந்து முழு அழுத்தத்தோடு நேராக வரும் நீராவி. அதன் எதிர்ச்சொல், வேலை முடித்து வெளியேறும் கழிவு நீராவி. சர்க்கரை ஆலையில் இந்த இரண்டையும் பிரித்துத்தான் பேசுவார்கள்.

இதை விளக்க எங்கள் எக்ஸ் இஞ்சினைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் வடிவமைக்கப்பட்டது, நான்கு உருளைகள். மேட்டுப்பாளையம் – கல்லாறு பகுதியில் இரண்டு உயர் அழுத்த உருளைகள் மட்டும் சாதாரணச் சக்கரங்களை ஓட்டும். நீராவி அங்கே வேலை முடிந்ததும் புகைபோக்கிக்குப் போய்விடும். கல்லாறுக்கு மேலே 12 அடிக்கு ஓர் அடி வரை ஏற்றம், நடுவில் பல் தண்டவாளம். அங்கே அதே நீராவியை வெளியே விடாமல், மேலே இருக்கும் இரண்டு குறைந்த அழுத்த உருளைகளுக்குத் திருப்பிவிடுவார்கள். பற்சக்கரத்தைச் சுழற்றுவது அதுதான். அதாவது கீழே உள்ள உருளைக்குக் கொதிகலனின் நீராவி, மேலே உள்ளதற்கு ஒருமுறை உழைத்த நீராவி.

இந்த இடத்தில் ‘மெய்நீராவி’ என்று எழுதினால் தப்பாகிவிடும். மேல் உருளையில் இருப்பது பொய் நீராவியா என்ன? எனவே இந்தப் பொருளுக்கு நேர்நீராவி. ஒருமுறை உழைத்துவிட்டு இன்னொரு உருளைக்குப் போவதைக் கழிவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ‘மறுநீராவி’ பொருந்துமா? கோவையில் கொதிகலன் வேலை பார்க்கும் நண்பர் இந்தக் குழுவில் இருக்கிறாரே, அவர் சொன்னால் ஏற்றுக்கொள்கிறேன்.

பதிவுக்கான வரைவு:

மெய்நீராவி: (மாடல் இஞ்சின்களில்) மோட்டாரின்றி, உருளைக்குள் செலுத்தப்படும் நீராவியின் விரிவாலேயே இயங்கும் தன்மை. நீரைச் சூடாக்குவது கரி, வாயு, ஸ்பிரிட், மின்சாரம் எதுவாகவும் இருக்கலாம்.

நேர்நீராவி: கொதிகலனிலிருந்து முழு அழுத்தத்தில் நேரடியாக வரும், இன்னும் வேலை செய்யாத நீராவி.

ஒரு விளிம்புநிலை மட்டும் பாக்கி. புதிதாகச் செய்த இஞ்சினைத் தீ மூட்டுவதற்கு முன் அழுத்தக் காற்றில் ஓட்டிப் பார்ப்பது வழக்கம். இஞ்சின் மெய்நீராவி இஞ்சின்தான், அன்றைய ஓட்டத்தை அப்படிச் சொல்லக் கூடாது. வரைவில் ஒரு வரியாகச் சேர்த்துவிடலாம்.

மறுப்பு இருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள். அப்புறம் லூப்ரிகேட்டரை எடுத்துக்கொள்வோம்: நீராவி அதற்குள் குளிர்ந்து நீராகி அடியில் தங்க, எண்ணெய் மேலெழுந்து உருளைக்குப் போகும் அந்தச் சின்னப் பாத்திரத்துக்கும் தமிழில் பெயர் இல்லை.