புதுப்பிப்பு: பிபிஎஸ்ஸை நிரப்பியது யார்?

சின்க்ரோநெட் மென்பொருளில் நான் நடத்தும் பிபிஎஸ்ஸில் (தொலைவிலிருந்து இணைந்து எழுத்து வழியே பேசும் பழைய பாணி அறிவிப்புப் பலகை) எல்லா முனைகளும், அதாவது ஆளுக்கொன்றான இணைப்பு இடங்களும், நிரம்பியிருக்கின்றன, ஆனால் ஒருவரும் பேசுவதில்லை என்று முன்பு எழுதியிருந்தேன். காரணம் கிடைத்துவிட்டது. வந்தவை அத்தனையும் பாட்கள், அதாவது தானியங்கி நிரல்கள். 2016இல் பரவிய மிராய் தீநிரலின் வாரிசுகள் இன்றும் டெல்நெட் என்ற பழைய தொலை இணைப்பு முறையின் வாசலான 23ஆம் போர்ட்டைத் தட்டி, 'ரூட்', 'அட்மின்' என்று பயனர் பெயர்களை இட்டுப் பார்க்கின்றன. என் பலகையைப் பாதுகாப்பற்ற ரவுட்டர் என்று நினைத்துவிட்டன போலும்!

டெல்நெட்டை வேறு போர்ட்டுக்கு மாற்றினேன். எஸ்கேப் விசையை இருமுறை அழுத்தினால்தான் கதவு திறக்கும். கூட்டம் கலைந்தது. முடிந்தவர்கள் மறையாக்கம் உள்ள எஸ்எஸ்ஹெச் இணைப்பு வழியாக வாருங்கள். டெல்நெட்டில் கடவுச்சொல் மறையாக்கமின்றியே பயணிக்கிறது.

தமிழில் எழுத முடியுமா என்று கேட்டவர்களுக்கு: பிபிஎஸ்ஸின் பழைய ஆன்சி திரைகள் (எழுத்துக்குறிகளால் ஆன வண்ணப் படங்கள்) சிபி437 என்ற பழைய கணினி எழுத்துக் குறிமுறையில் வரையப்பட்டவை. அதன் 256 குறிகளில் தமிழுக்கு இடமில்லை. தமிழையும் குறிக்கவல்ல யூடிஎஃப்-8 குறிமுறை கொண்ட முனைய மென்பொருளில் வருவோருக்குத் தனித் திரை தயாராகிறது.