பழைய ஃபோர் வீல் டிரைவ்: முதலில் டயரா, லிஃப்டா, வின்ச்சா?

கேள்வி: மண்சக்கரம்

வணக்கம். ஆறு மாதத்துக்கு முன் 1993 மாடல் டீசல் ஃபோர் வீல் வண்டி ஒன்று வாங்கினேன். முன்னும் பின்னும் சாலிட் ஆக்சில், நான்கு பக்கமும் லீஃப் ஸ்பிரிங், முன் சக்கரத்தை ஆக்சிலோடு இணைக்க இறங்கிப் போய்க் கையால் திருப்பிப் பூட்டும் ஃப்ரீ வீல் ஹப், எஞ்சின் விசையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்துத் தரும், ஹை-லோ உள்ள டிரான்ஸ்ஃபர் கேஸ். டர்போ கிடையாது. மீட்டரில் 2,40,000 கி.மீ. காட்டுகிறது. எனக்கு முன் வைத்திருந்தவர் நான்கு வருடம் கொட்டகையிலேயே நிறுத்தியிருந்தார். கடைசியாக எந்த ஆயிலை எப்போது மாற்றினார் என்று அவருக்கே நினைவில்லை.

தார் ரோட்டில் குறை சொல்ல முடியாது. ஆனால் 60-ஐத் தாண்டினால் சில நேரம் ஸ்டீயரிங் உதறுகிறது. காலையில் மூன்று நான்கு தடவை அடித்தால்தான் ஸ்டார்ட் ஆகிறது. 2 அங்குல லிஃப்ட் (வண்டியின் உடம்பை உயர்த்துவது), 31 அங்குல டயர் (இப்போது இருப்பது 235/75 ஆர் 15), வின்ச் (சிக்கிய வண்டியை இழுக்கும் கயிற்று உருளை), ஸ்நார்கெல் (எஞ்சினுக்குக் காற்றை உயரத்திலிருந்து எடுக்கும் குழாய்) எல்லாம் போட்டுக் காட்டுப் பாதை, ஆற்றுப் படுகை என்று போக ஆசை. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வாங்கக் கையில் காசு இல்லை. எதில் தொடங்கலாம்? ஸ்டீயரிங் டேம்பரை (ஸ்டீயரிங் அதிர்வை அடக்கும் ஷாக் அப்சார்பர்) மாற்றினால் உதறல் நின்றுவிடும் என்று ஒருவர் சொன்னார். அது சரியா?

மறுமொழி: கூழாங்கல்

டயரில் தொடங்குங்கள். லிஃப்ட் வண்டியின் உடம்பைத்தான் தூக்கும், ஆக்சிலின் நடுவில் உள்ள டிஃப்ரன்ஷியல் (டிஃப்) உருண்டை இருந்த உயரத்திலேயே இருக்கும். கல்லில் இடிப்பது அந்த உருண்டைதான். அதைத் தூக்க டயரால் மட்டுமே முடியும். உங்கள் டயரின் விட்டம் ஏறக்குறைய 733 மி.மீ., 31 அங்குலம் என்றால் 787. வித்தியாசத்தில் பாதி, அதாவது 27 மி.மீ., அடியில் கிடைக்கும். கேட்கச் சின்னதாக இருக்கும், பாறையில் அது பெரிய அளவு.

மறுமொழி: பழைய ஆக்சில்

தம்பி, இதே அமைப்புள்ள வண்டியை நான் 19 வருடமாக வைத்திருக்கிறேன். கூழாங்கல் சொன்ன கணக்கு சரி, ஆனால் உங்கள் வண்டிக்கு அது இன்றைய வேலை இல்லை. வாங்க நினைத்திருக்கும் நான்கையும் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, ஒரு சனி ஞாயிறு வண்டிக்கு அடியில் படுங்கள். இந்த வண்டி புதிதாக வந்தபோது என்ன செய்ததோ அதை இன்றைக்கும் செய்கிறதா என்று தெரியாமல் மேலே ஒன்றைச் சேர்த்தால், பழுது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே முடியாமல் போகும்.

முதலில் ஆயில். எஞ்சின், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் டிஃப், பின் டிஃப் என்று ஐந்து இடம். வடிக்கும் நட்டில் கை வைக்கும் முன், ஊற்றும் நட்டு கழல்கிறதா என்று பாருங்கள். பழைய வண்டியில் அது இறுகிப்போய்க் கிடக்கும். ஆயிலை வடித்துவிட்டு ஊற்ற வழியில்லாமல் நின்றால் வண்டி அசையாது. பிறகு வடிகிற ஆயிலை வெளிச்சத்தில் பாருங்கள். கறுப்பு என்றால் வெறும் வயசு. பால் கலந்தது போல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது.

தண்ணீர் எப்படிப் போகும் என்பதை நான் நஷ்டப்பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். வண்டி வாங்கிய இரண்டாம் வருடம், நீண்ட ஏற்றம் ஏறி இறங்கிய கையோடு நேராக ஓடைக்குள் விட்டேன். ஆக்சில் சூடாக இருந்தது, தண்ணீர் குளிர்ச்சி. சூடான ஹவுசிங் திடீரெனக் குளிர்ந்தால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். சுருங்கிய காற்றுக்கு ஈடு செய்ய வெளியிலிருந்து காற்று வர ஒரு வழி வேண்டும். அதற்குத்தான் ஆக்சில் மேல் சின்னதாக ஒரு பிரீதர் இருக்கிறது. என் வண்டியில் அது மண்ணால் அடைபட்டுக் கிடந்தது. வேறு வழி இல்லாமல் ஆயில் சீல் ஓரமாகத் தண்ணீரை இழுத்துக்கொண்டது. ஒரு மாதம் கழித்துப் பின்னாலிருந்து ஊளைச் சத்தம். பிரித்துப் பார்த்தால் பினியன் பேரிங்கில் துரு. இவ்வளவுக்கும் காரணம் ஒரு விரல் நுனி அளவுப் பொருள்! பிரீதரைக் கழற்றி, அங்கிருந்து ஒரு குழாயை எஞ்சின் அறையின் உச்சி வரை கொண்டுபோய்க் கட்டுங்கள். இரண்டு ஆக்சிலுக்கும், கியர்பாக்ஸுக்கும், டிரான்ஸ்ஃபருக்கும். என்னைக் கேட்டால் உங்கள் வண்டிக்கு முதல் அப்கிரேட் இதுதான்.

ஆயில் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. டிஃப்ரன்ஷியலுக்கு ஜிஎல்-5 (கியர் ஆயிலின் தரக் குறியீடு), சரி. பழைய கியர்பாக்ஸில் கியர் மாற்றும்போது வேகத்தை ஒப்பாக்கும் சின்க்ரோ வளையங்கள் பித்தளை வகை உலோகமாக இருக்கும், ஜிஎல்-5-இல் உள்ள ரசாயனங்களில் சில அதை அரிக்கக்கூடும். கையேட்டில் ஜிஎல்-4 என்று இருந்தால் ஜிஎல்-4 மட்டுமே ஊற்றுங்கள். மீந்த ஆயிலை அதில் ஊற்றிவிட வேண்டாம்.

இப்போது உதறல். டேம்பர் போட்டால் உதறல் தெரியாமல் போகும், உதற வைக்கும் தேய்மானம் அப்படியே இருக்கும். டேம்பரில் காசு போடும் முன் இதைச் செய்யுங்கள். முன் சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கி, ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்டு வையுங்கள் (ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது). சக்கரத்தின் உச்சியையும் அடியையும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடியும் ஆட்டுங்கள். பிரேக் மிதித்ததும் ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங். மறையாவிட்டால் கிங் பின் பேரிங், அதாவது சக்கரம் இடது வலது திரும்பும் அச்சின் பேரிங். பிறகு இடது ஓரமும் வலது ஓரமும் பிடித்து ஆட்டிப் பாருங்கள், அதில் டை ராட் எண்ட் (முன் சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் கம்பியின் மூட்டு) தேய்ந்திருந்தால் தெரிந்துவிடும். ஸ்பிரிங் புஷ் ஒவ்வொன்றையும் கடப்பாரையால் நெம்பிப் பாருங்கள். நான்கு வருடம் ஒரே இடத்தில் நின்ற டயர் அடிப்பக்கம் தட்டையாகியிருக்கும், அதுவும் உதறும். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், 2317 என்றால் 2017-ஆம் வருடம் 23-ஆம் வாரம் செய்தது. ரப்பரின் வயதைத் தெரிந்துகொள்ள அதைப் பாருங்கள்.

காலை ஸ்டார்ட்டிங்குக்கு: குளோ பிளக் (குளிர்ந்த டீசல் எஞ்சினை ஸ்டார்ட் செய்யச் சூடாக்கும் பிளக்) நான்கையும் மீட்டர் வைத்துப் பாருங்கள். அதில் பழுது இல்லை என்றால் டீசல் குழாய் எங்கோ காற்றை உறிஞ்சுகிறதா என்று பாருங்கள். பம்புக்குச் சற்று முன்னால் கொஞ்ச தூரத்துக்கு உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாயைப் போட்டு ஓட்டினால் குமிழி போவது கண்ணுக்கே தெரியும்.

சேசிஸை ஒரு சின்னச் சுத்தியலால் நெடுகத் தட்டுங்கள். நல்ல இரும்பு கணீர் என்று பேசும், உள்ளே உளுத்தது மொத்தென்று சொல்லும். ஸ்பிரிங் தொங்கும் இடங்களை விட்டுவிடாதீர்கள்.

மறுமொழி: கயிறுக்காரி

வின்ச் பற்றி மட்டும் சொல்கிறேன். தோராயமாக, முழுச் சுமையோடு வண்டி என்ன எடையோ அதைப் போல ஒன்றரை மடங்கு இழுக்கும் வின்ச் வேண்டும். அது மூக்கில் ஏறி உட்காரும் எடை, ஏற்கெனவே தளர்ந்த முன் ஸ்பிரிங் பட்டைகளை இன்னும் அமுக்கும். ஆகவே ஸ்பிரிங் வேலை முடியாமல் வின்ச் வேண்டாம். அதற்கு முன் சேசிஸில் போல்ட் போட்டு இறுக்கிய, தாங்கும் எடை பொறித்த இழுவைக் கொக்கிகள் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று கட்டாயம். கப்பலிலும் லாரியிலும் வண்டியைக் கட்டி வைக்கத் தரும் மெல்லிய வளையத்தில் மாட்டி இழுக்காதீர்கள். டிரெய்லர் மாட்டும் உருண்டையில் மாட்டவே மாட்டாதீர்கள். இழுபடும் பட்டை விறைத்திருக்கும்போது அந்த உருண்டை ஒடிந்தால் குண்டு போலப் பாயும், அப்படி உயிர் போன விபத்துகள் உண்டு.

ஸ்நார்கெல் போட்டதும் தண்ணீருக்குள் இறங்கிவிடலாம் என்றும் நினைக்க வேண்டாம். ஏர் ஃபில்டர் பெட்டியின் மூடியிலோ, அடியில் இருக்கும் வடிகால் ஓட்டையிலோ இடைவெளி இருந்தால் எஞ்சின் அந்த வழியாகக் குடிக்கும். தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். ஒருவேளை தண்ணீரில் எஞ்சின் நின்றுவிட்டால் சாவியைத் திருப்பாமல் இழுத்து வெளியே கொண்டுவாருங்கள்.

கேட்டவர்: மண்சக்கரம்

அண்ணா, அக்கா, மூன்று வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும். அடியில் படுத்துப் பார்த்ததை எழுதுகிறேன்.

முன் டிஃப் ஊற்றும் நட்டைக் கழற்றவே ஒரு நாள் போனது, சூடு காட்டித்தான் அசைந்தது. நீங்கள் முதலில் அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் வடித்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். முன் டிஃப் ஆயில் வெளுத்திருந்தது, பிரீதரில் குளவி மண் கூடு கட்டியிருந்தது. பின்னால் கறுப்பு ஆயில்தான். வலது சக்கரம் ஆடவில்லை. இடது ஆடுகிறது, பிரேக் மிதித்தாலும் ஆடுகிறது. அந்தப் பக்கம் சக்கரத்தைத் திருப்பும் நக்கிள் உருண்டைக்கு அடியில் ஆயில் சொட்டுகிறது. டயரில் 1411 என்று இருக்கிறது. டீசல் குழாயில் குமிழி வந்தது, பழைய ரப்பர் குழாய்களை மாற்றினேன், இப்போது முதல் அடியிலேயே பிடிக்கிறது. சேசிஸ் எல்லா இடத்திலும் கணீர் என்றுதான் கேட்டது.

கிங் பின் பேரிங் இடது பக்கம் மட்டும் மாற்றினால் போதுமா? டயர் எப்படியும் புதிது வேண்டும் போல இருக்கிறதே, அப்படியானால் 31 வாங்கிவிடலாமா?

மறுமொழி: பழைய ஆக்சில்

சேசிஸ் நன்றாக இருப்பதுதான் பெரிய செய்தி. மற்றதெல்லாம் கழற்றி மாட்டக்கூடியவை.

பேரிங் இரண்டு பக்கமும் மாற்றுங்கள். இடது போன வயதில்தான் வலதும் இருக்கிறது. கழற்றும்போது மேலும் கீழும் மெல்லிய ஷிம் தகடுகள் வரும். எது மேல், எது கீழ், எந்தப் பக்கம் என்று எழுதி உடனே தனித்தனி டப்பாவில் போடுங்கள், கலந்துவிட்டால் பெரிய தலைவலி. மாட்டிய பிறகு, சீல்களைப் போடும் முன், டை ராடைக் கழற்றி விட்டுவிட்டு நக்கிளை ஸ்பிரிங் தராசின் கொக்கியால் இழுத்துப் பார்க்க வேண்டும். எவ்வளவு இழுவையில் திரும்ப வேண்டும் என்று கையேட்டில் இருக்கும், ஷிம்மைக் கூட்டிக் குறைத்து அந்த அளவுக்குக் கொண்டுவாருங்கள். சொட்டுவது டிஃப் ஆயில். ஆக்சிலுக்கு உள்ளே இருக்கும் சீல் தேய்ந்ததால் ஆயில் நக்கிளுக்கு வந்து கிரீஸைக் கரைத்திருக்கும். அங்கே வரை பிரித்துவிட்டு அந்தச் சீலை மாற்றாமல் மூடினால் இதே வேலை இன்னொரு முறை. கூடவே வீல் பேரிங்குகளைக் கழுவிப் புது கிரீஸ் அடையுங்கள். ஆனால் ஃப்ரீ வீல் ஹப்புக்குள் கிரீஸை மெல்லிய பூச்சாக மட்டும் தடவுங்கள். அதில் அடைத்தால் பூட்ட வேண்டிய நேரத்தில் பூட்டாது.

1411 டயரில் இனி வேகமாக ஓட்டாதீர்கள், அது 2011-இல் செய்தது. அதனால் டயர் இப்போதே வேண்டும் என்ற இடத்தில் கூழாங்கல் பக்கம் நான் வந்துவிட்டேன். அளவில் மட்டும் வரவில்லை. 31 போட்டால் டயர் சுற்றளவு ஏழு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலாகக் கூடும். டிஃப் விகிதம் 4.10 என்றால் அது 3.82 போல நடந்துகொள்ளும். டர்போ இல்லாத எஞ்சின், ஏற்றத்தில் ஒரு கியர் குறைத்துத்தான் ஏற வேண்டும். மீட்டர் 60 காட்டும்போது வண்டி 64-இல் போகும். திருப்பத்தில் டயர் ஸ்பிரிங்கிலோ மட்கார்டிலோ உரசவும் கூடும். 235/75-லேயே நல்ல ஆல் டெரெய்ன் டயராக ஐந்து வாங்குங்கள், ஸ்டெப்னியும் சேர்த்து. கூடவே ஒரு நல்ல பிரஷர் கேஜும் காற்று பம்பும். கல் பாதையில் 20 பிஎஸ்ஐ, மணலில் 16 என்று இறக்கிப் பாருங்கள், இறக்கியதும் டயர் தரையில் நீளமாகப் படியும். அந்தப் பிடிப்பை எந்த லிஃப்டும் தராது. இறக்கியபின் மெதுவாகத்தான் போக வேண்டும், திடீர் திருப்பம் வேண்டாம். தார் ரோட்டுக்கு ஏறும் முன் காற்றை நிரப்பிவிட்டு, 2-ஹைக்கு (பின் சக்கரங்கள் மட்டும் இயங்கும் நிலை) மாற்றி, ஹப்பையும் திறந்துவிடுங்கள். காய்ந்த தரையில் முன்னும் பின்னும் பூட்டியபடி திருப்பினால் முறுக்கு முழுவதும் கிராஸ் ஜாயின்டிலும் டிரான்ஸ்ஃபர் கியரிலும் ஏறும்.

முன் டிஃப்புக்குப் புது ஆயில் ஊற்றி 300 கி.மீ. ஓட்டிவிட்டு மறுபடி வடித்துப் பாருங்கள். இரண்டாம் முறை தெளிவாக வந்தால் பேரிங் பிழைத்தது. அந்த ஆயில் எப்படி இருந்தது என்று இங்கே எழுதுங்கள், லிஃப்டைப் பற்றி அப்புறம் பேசுவோம்.