சிட்னியில் 120 மணி நேரம், நம் ஊரில் மேடும் பார்க்கிங்கும்: இது போதுமா?

குலை லோரி

மலேசியாவில், பேராக்கில் இருக்கும் நம் சுங்கை சிப்புட் நண்பர்களுக்கு வணக்கம். 19 வருஷமாகச் செம்பனை (எண்ணெய்ப்பனை) குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறேன். மனத்தை அறுத்துக்கொண்டே இருக்கும் ஒரு விஷயத்தை இங்கே கேட்டுவிடுகிறேன்.

போன மாதம் சாயங்காலம் குலை ஏற்றிக்கொண்டு பட்டணத்துப் பக்கம் வந்துகொண்டிருந்தேன். தோட்டத்துச் செம்மண் பாதையிலிருந்து ஒரு பையன் மோட்டார் சைக்கிளோடு பெரிய சாலையில் ஏறினான். வலது பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை. நான் பிரேக்கை அழுத்தியதில் பாதிக் குலை ரோட்டில். பையன் புல்லில் போய் விழுந்தான். உயிருக்கு ஒன்றும் இல்லை, கால் முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் அவன் அப்பா சொன்னார், மோட்டாருக்கான பி2 லைசென்ஸ் எடுத்து ஏழு வாரம்தான் ஆகிறதாம்.

அன்று ராத்திரி தூங்கவில்லை. லைசென்ஸ் கொடுக்கும்போது அவனிடம் எதைச் சோதித்தார்கள் என்ற கேள்விதான் மண்டைக்குள்.

என் அக்கா மகள் சிட்னியில் இருக்கிறாள். அங்கே 25 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் கார் டெஸ்டுக்குப் போவதற்கு முன்னால் 120 மணி நேரம் ஓட்டியிருக்க வேண்டும். அதில் 20 மணி நேரம் இருட்டில். எல்லாவற்றையும் கணக்கு வைத்துக் காட்ட வேண்டும். பாஸ் ஆனாலும் புது ஓட்டுநர் என்று காட்டும் பி அட்டை வண்டியில் இருக்க வேண்டும்: ஒரு வருஷம் சிவப்பு பி, அப்புறம் இரண்டு வருஷம் பச்சை பி. சிவப்பு பி இருக்கிற வரைக்கும் 90 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது.

நம் பிள்ளைகளுக்கு ஒரு நாள் வகுப்பு, கம்ப்யூட்டரில் உண்டாங் (சாலை விதி) டெஸ்ட், பயிற்சி நிலையத் திடலில் கொஞ்ச நாள் பயிற்சி, ஒரு சுற்று ரோட்டு டெஸ்ட். டெஸ்டைக் கடினமாக்க வேண்டும் என்பது என் கட்சி. மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

லயத்து மகள்

அண்ணே, அந்தப் பையன் பிழைத்தது மாரியம்மன் புண்ணியம். ஆனால் நீங்கள் கேட்பதை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது.

நான் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள், அம்மாவுக்கு ரப்பர் பால்வெட்டு வேலை. கார் லைசென்ஸ் எடுக்க எனக்கு மொத்தம் 1,900 வெள்ளி (ரிங்கிட்) ஆனது. குறைந்தபட்சச் சம்பளமே மாதம் 1,700 வெள்ளி. மேட்டில் கார் பின்னால் உருண்டு இரண்டு தடவை ஃபெயில். ஒவ்வொரு மறுதேர்வுக்கும் தனியாகக் கட்டினேன். கட்டணம் மட்டுமா? எங்கள் லயத்திலிருந்து (தோட்டத்து வரிசை வீடுகள்) பட்டணத்துக்குப் பஸ் கிடையாது. பயிற்சி நாளுக்கெல்லாம் பக்கத்து வீட்டு மாமா மோட்டாரில் கொண்டுபோய் விட்டார். அவருக்கு அன்று பாதி நாள் வேலை போச்சு.

உங்கள் அக்கா மகளுக்கு 120 மணி நேரம் எப்படிக் கிடைத்தது என்று யோசித்தீர்களா? அப்பா பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுக் காரிலேயே ஓட்டக் கற்றுக்கொடுத்திருப்பார். செலவு பெட்ரோல்தான். இங்கே எல் (கற்பவர்) லைசென்ஸ் வைத்துக்கொண்டு சித்தப்பா காரைத் தொட முடியாது. பயிற்சி நிலையத்துக் கார், பயிற்றுநர் பக்கத்தில், அப்படித்தான் ஓட்ட வேண்டும். மணிக்கு 40 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். 120 மணிக்கு 4,800 வெள்ளி. எந்தத் தோட்டத்து வீட்டில் இருக்கிறது அந்தக் காசு?

டெஸ்டைக் கடினமாக்கினால் எங்கள் பிள்ளைகள் வண்டி ஓட்டுவதை நிறுத்தப் போவதில்லை. லைசென்ஸ் எடுப்பதைத்தான் நிறுத்துவார்கள். அப்புறம் ஒரு விபத்து நடந்தால் இன்சூரன்ஸும் கை கொடுக்காது, வீட்டுக்குச் சம்மன்தான் வரும்.

உட்லண்ட்ஸ் ஓட்டம்

நானும் சிப்புட்காரன்தான், ஆறு வருஷமாகச் சிங்கப்பூரில் வேலை. என் ஓட்டு லோரி அண்ணனுக்கு.

சிங்கப்பூரில் 18 வயது ஆனால்தான் காருக்குக் கற்கலாம், நம் நாட்டில் 17. அடிப்படைத் தேர்வில் 50 கேள்விக்கு 45 சரியாக இருக்க வேண்டும். அப்புறம் இன்னொரு எழுத்துத் தேர்வு, சிமுலேட்டரில் பயிற்சி, கடைசியில்தான் ரோட்டு டெஸ்ட். தவறு செய்யச் செய்யப் புள்ளி ஏறும், 18க்கு மேல் போனால் ஃபெயில். சிவப்பு விளக்கைத் தாண்டினால் அங்கேயே முடிந்தது கதை. கூட வேலை செய்கிறவர் நாலாவது தடவைதான் பாஸ் ஆனார். வருத்தப்பட்டார், ஆனால் இப்போது அவர் லேன் மாறும்போது பாருங்கள், கழுத்தைத் திருப்பிப் பார்க்காமல் ஒரு தடவைகூட மாற மாட்டார்.

லயத்து மகள் அக்கா, காசு பிரச்சனை உண்மைதான். அதற்காகத் தேர்வைத் தளர்த்திவிட்டால் ஏழைப் பிள்ளைக்கு நாம் கொடுப்பது மட்டமான பயிற்சி. அவன் மோட்டாரில்தான் போகிறான். இரும்புக் கூடு அவனைச் சுற்றி இல்லை.

பெரியவர் கங்சார்

பிள்ளைகளா, டெஸ்டையே பிடித்துத் தொங்குகிறீர்கள், ரோட்டைப் பார்க்க மாட்டேன் என்கிறீர்கள். 2019இல் நம் நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 6,167 பேர். நம்மைவிட இரண்டு மடங்கு மக்கள் இருக்கும் பிரிட்டனில் அந்த ஆண்டு ஏறக்குறைய 1,750 பேர்தான். கடினமான டெஸ்ட் வைத்ததால் அவர்கள் பிழைத்தார்கள் என்று சொல்வீர்கள். ஆனால் நம் ஊரில் இறப்பவர்களில் மூன்றில் இருவர் மோட்டாரில் போனவர்கள். அங்கே மோட்டார் ஓட்டுகிறவனே கொஞ்சம் பேர்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் கூட்டரசு நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் 1970களிலேயே மோட்டாருக்குத் தனிப் பாதை போட்டார்கள். நம் பட்டணத்துக்குள் வரும் 1ஆம் எண் சாலையில் குலை லோரி, மணல் லோரி, பள்ளிப் பிள்ளை, பால்வெட்டு முடித்துத் திரும்புகிறவர், எல்லாரும் ஒரே தாரில். அந்த முச்சந்தியில் ஒரு விளக்கு இருந்திருந்தால் பையன் கால் முறிந்திருக்காது.

குலை லோரி

ஐயா, விளக்கு வேண்டும் என்பதில் எனக்கும் சண்டை இல்லை. ஆனால் விளக்கு வரும் வரை அவன் திரும்பிப் பார்க்க வேண்டுமே. எத்தனை முச்சந்திக்கு விளக்குப் போடுவார்கள்? தோட்டத்துப் பாதை ஒவ்வொன்றும் ஒரு முச்சந்தி.

மஞ்சள் கோடு

14 வருஷமாகப் பயிற்றுநராக இருக்கிறேன். இரண்டு பக்கமும் சொல்வதில் விடுபட்ட ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

நம் டெஸ்ட் சுலபம் என்பது சரியல்ல. மேட்டில் மஞ்சள் கோட்டுக்குள் நிறுத்திப் பின்னால் உருளாமல் எடுப்பது, பார்க்கிங், குறுகிய இடத்தில் மூன்று தடவையில் திருப்புவது, இதிலெல்லாம் நிறையப் பேர் விழுகிறார்கள். உண்டாங்கிலும் 50க்கு 42 வேண்டும். ஆனால் இதில் பெரும்பகுதியை மனப்பாடம் செய்துவிடலாம். இந்தக் கம்பம் கண்ணாடியில் தெரிந்ததும் ஸ்டியரிங்கை முழுசாக ஒடி, அந்தக் கோடு கதவுக்கு நேராக வந்ததும் நேராக்கு. நானே அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன். சொல்லிக்கொடுக்காவிட்டால் பிள்ளை ஃபெயில் ஆகும், அதன் அப்பா மறுபடியும் காசு கட்டுவார். மனம் கேட்காது. ஆனால் கம்பம் இல்லாத சந்தைக்கடைத் தெருவில் அந்தப் பிள்ளை என்ன செய்யும்?

பிரிட்டனில் எப்படி என்றால், எழுத்துத் தேர்வோடு சேர்த்து வீடியோவில் 14 காட்சி காட்டுவார்கள். பந்து உருண்டு வருகிறது, நிறுத்தியிருக்கும் காருக்குப் பின்னால் ஒரு கால் தெரிகிறது. ஆபத்து உருவாகத் தொடங்கும்போதே அழுத்த வேண்டும், தாமதமானால் மதிப்பெண் குறையும். 75க்கு 44 எடுத்தால்தான் பாஸ். அப்புறம் ரோட்டு டெஸ்ட் 40 நிமிஷத்துக்குக் குறையாது. அதில் கணிசமான நேரம் அதிகாரி இடம் வலம் என்று சொல்ல மாட்டார். வழிகாட்டிக் கருவியையோ பலகையையோ பார்த்து நீயே போக வேண்டும். சின்னத் தவறு 15 வரை மன்னிப்பு, பெரிய தவறு ஒன்று செய்தாலே ஃபெயில். அதற்கு மனப்பாடம் உதவாது. பயிற்சித் திடலில் இன்னொரு தடை சேர்த்துக் கடினமாக்குவதால் லோரி அண்ணன் பார்த்த பையனுக்கு எந்தப் பிரயோஜனமும் இல்லை. சோதிக்கிற விஷயமே வேறாக இருக்க வேண்டும்.

இன்னொன்று. ஜெர்மனியில் குடும்பத்தாரோடு ஓட்டிப் பழக முடியாது, நம்மைப் போலவே பயிற்றுநரோடுதான். ஆனால் கட்டாயமாக 12 தனிப் பயிற்சி உண்டு. ஊருக்கு வெளியே 5, நெடுஞ்சாலையில் 4, இரவில் 3. முதலுதவி வகுப்பும் முடிக்க வேண்டும். எல்லாம் சேர்த்து 3,000 யூரோ அளவில் ஆகிவிடுகிறது. லயத்து மகள் தங்கச்சி பயப்படுவது அங்கே நடந்தேவிட்டது, காசில்லாத இளைஞர்கள் லைசென்ஸைத் தள்ளிப் போடுகிறார்கள்.

உட்லண்ட்ஸ் ஓட்டம்

மாஸ்டர், நீங்கள் சொல்வது சரி. ஆனால் அப்படி ரோட்டில் நீண்ட நேரம் சோதித்தால் கட்டணம் ஏறாதா? சுற்றிச் சுற்றி அக்கா சொன்ன இடத்துக்கே வந்துவிடுகிறோமே.

மஞ்சள் கோடு

ஏறும் தம்பி. அதனால்தான் அரசாங்கம் பங்கு போட வேண்டும் என்கிறேன். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு மைலேசன் திட்டத்தில் பி2 லைசென்ஸ் செலவை ஏற்கிறார்கள். என்னிடம் வந்த பிள்ளைகளில் சிலர் அப்படி வந்தவர்கள்தான். அந்தக் காசு லைசென்ஸ் கார்டு கைக்கு வருவதோடு நின்றுவிடுகிறது. ரோட்டில் பழகும் நேரத்துக்கும் அதையே நீட்டலாம்.

லயத்து மகள்

மாஸ்டர் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். மேட்டில் நான் அழுதது வீண் என்று இப்போது தோன்றுகிறது. லைசென்ஸ் வந்த பிறகும் ஆறு மாதம் பெரிய சாலைக்குப் போகப் பயந்தேன். யாரும் என்னை லோரிகளுக்கு நடுவே ஓட்டவைத்துப் பார்க்கவில்லை.

ஆனால் லோரி அண்ணனிடம் ஒன்று கேட்க வேண்டும். நாம் இங்கே பேசிய 120 மணி, 12 தனிப் பயிற்சி, 40 நிமிஷம், எல்லாமே காருக்கு. கீழே விழுந்த பையன் மோட்டாரில் வந்தவன். எங்கள் லயத்தில் 16 வயதானதும் முதலில் எடுப்பது பி2தான். மோட்டாரில் அப்பா பக்கத்தில் உட்கார இடம் எங்கே இருக்கிறது? 12, 13 வயதிலேயே செம்பனைப் பாதையில் தானாக ஓட்டிப் பழகிவிடுகிறார்கள். அங்கே எதிரே வருவது மாடும் டிராக்டரும்தான். கியர் போடவும் பள்ளத்தில் விழாமல் ஓட்டவும் அவர்களுக்குத் தெரியும். பெரிய சாலையில் எப்படி ஏறுவது என்பதை மட்டும் யாரும் சொல்லித்தருவதில்லை. என் தம்பிக்கும் அடுத்த வருஷம் 16.

மஞ்சள் கோடு

தங்கச்சி, அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். பிரிட்டனில் 125 சிசி மோட்டாரை ரோட்டில் எடுப்பதற்கு முன்னாலேயே ஓர் அடிப்படைப் பயிற்சி கட்டாயம், 1990இலிருந்து நடக்கிறது. முதலில் வகுப்பும் திடலும். அப்புறம் குறைந்தது 2 மணி நேரம் உண்மையான ரோட்டில். பயிற்றுநர் இன்னொரு மோட்டாரில் பின்னால் வருவார், தலைக்கவசத்துக்குள் இருக்கும் ரேடியோவில் பேசுவார். கண்ணாடியைப் பார், தோளுக்கு மேல் திரும்பிப் பார், இப்போது போ. ஒரு பயிற்றுநருக்கு ரோட்டில் இரண்டு பேருக்கு மேல் கிடையாது.

பெரியவர் கங்சார்

இது எனக்கே புதுச் செய்தி. இரண்டு மணி நேரம் என்றால் தாங்கக்கூடிய செலவுதான். விளக்கை நான் விட மாட்டேன், மாவட்ட அலுவலகத்துக்கு மனு எழுதப் போகிறேன்.

குலை லோரி

தங்கச்சி கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. அவன் மோட்டாரில் வந்தவன் என்று தெரிந்தும் நான் கார் கணக்கையே பேசிக்கொண்டிருந்தேன். 120 மணி என்று கேட்டதை விட்டுவிடுகிறேன். டெஸ்ட் கடினமாக வேண்டும் என்பதை விடவில்லை. மாஸ்டர் சொன்ன 2 மணி நேரம் வந்தால் அது வெறிச்சோடிய ஞாயிற்றுக்கிழமைக் காலையில் நடக்கக் கூடாது. சாயங்காலம் 5 மணிக்கு, ஆலைக்குப் போகும் லோரிகள் வரிசையாக வரும் நேரத்தில், தோட்டத்துப் பாதையிலிருந்து 1ஆம் எண் சாலைக்கு ஏறும் இடத்தில் நடக்க வேண்டும். லோரியின் இடது பக்கம் ஒட்டி வருகிற மோட்டார் எங்களுக்குக் கண்ணாடியில் தெரியாது என்பதையும் அங்கேயே காட்ட வேண்டும். மாஸ்டர், வண்டியை நிறுத்திப் பிள்ளைகளை என் சீட்டில் ஏற்றி உட்காரவைத்துக் காட்ட நான் தயார். வேலை முடிந்து எந்த நாளும் வருவேன், காசு வேண்டாம்.

பெரியவர் ஐயா, மனுவில் என் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த முச்சந்தியில் விளக்கு எந்தப் பக்கம் வேண்டும் என்று நான் வந்து காட்டுகிறேன்.